ஆநிரை காத்தல்

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் சொல், ஆநிரையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. பண்டை மக்கள் கால்நடைகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஒருவனுடைய வளத்தை அளந்தனர் என்பதை இச்சொற்கள் இன்றும் உணர்த்துகின்றன. பொன்னும் மணியும் பேழையில் வைத்துப் பூட்டத்தக்க செல்வங்கள். ஆநிரையோ உயிருள்ள செல்வம். அது வெயிலில் வாடும், மழையில் நடுங்கும், நோயுற்றால் ஒரே வாரத்தில் மறைந்தும் போகும். ஆதலின் இச்செல்வத்தை ஈட்டுவதைக் காட்டிலும் காப்பதற்கே மிகுந்த அறிவு வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகளும், 98 லட்சத்திற்கும் மேற்பட்ட வெள்ளாடுகளும், 45 லட்சம் செம்மறியாடுகளும் இருந்தன. இவற்றுள் பெரும்பகுதி சிறு உழவர்களின் கொட்டில்களிலும், நிலமற்ற ஏழை மக்களின் குடிசை வாயில்களிலும் வளர்பவை. ஒரு கறவை மாடு அக்குடும்பத்திற்கு நாள்தோறும் பால் விற்ற காசைத் தருகிறது. நான்கு வெள்ளாடுகள், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் வீட்டாரின் மருத்துவச் செலவுக்கும் வேண்டும்பொழுது கைகொடுக்கும் வைப்பு நிதியாக விளங்குகின்றன. அத்தகைய வீட்டில் நோய் புகுந்து மாடு இறக்குமாயின், அன்றைய வருவாய் நின்றுவிடுகிறது. ஆனால் மாடு வாங்கிய கடன் நிற்பதில்லை. எனவே கால்நடைகளின் நலம் என்பது ஏழை மக்களின் வாழ்வோடு பிணைந்த செய்தியாகும்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் காந்தியடிகளின் நிர்மாணத் திட்டங்களை நடைமுறைப்படுத்தும் நோக்குடன் 1947-ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். 1956-இல் தொடங்கப்பெற்ற அதன் கிராமியக் கல்வி நிலையம், பின்னர்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நோய் வந்த பின் மருந்து தேடுவதினும் நோய் வாராமல் காப்பதே சிறந்தது என்பது காந்தியடிகள் மக்களுக்குக் கற்பித்த உடல்நலக் கொள்கை. இக்கொள்கை மனிதருக்கு மட்டுமன்றி, அவரை அண்டி வாழும் வாயில்லா உயிர்களுக்கும் பொருந்தும்.

இக்கொள்கையின் தேவையைக் காந்திகிராமத்தைச் சூழ்ந்த நிலமே எடுத்துக் காட்டுகிறது. ஒரு புறம் சிறுமலையும், மேற்கே சற்றுத் தொலைவில் பழனிமலைத் தொடரும் உயர்ந்து நிற்கின்றன. இடையே செம்மண் நிலமும் கரடும் கொண்ட சமவெளி பரந்து கிடக்கிறது. இம்மலைக் காடுகளில் காட்டுமாடுகளும் மான்களும் காட்டுப்பன்றிகளும் வாழ்கின்றன. கொடைக்கானலில் காட்டுமாடுகள் ஊர்த் தெருக்களிலேயே நடமாடுவதைக் காணலாம். சமவெளியிலோ மாசி முதல் ஆனி வரை வெயில் வாட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே மக்கள் பெரிதும் நம்பியுள்ளனர். ஒரே வட்டாரத்தில் காடும் வெயிலும் மழையும் இவ்வாறு நெருங்கி நிற்பதால், கால்நடைகளுக்கு வரும் நோய்களுக்கு இரண்டு வாயில்கள் திறந்திருக்கின்றன. ஒன்று வானிலை; மற்றொன்று வனம்.

முதலில் வெயிலின் தன்மையைக் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். பசுவின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியசு ஆகும். அது உண்ட தீவனம் முதல் இரைப்பையில் புளித்துச் செரிக்கும்பொழுது உடலினுள்ளேயே மிகுந்த வெப்பம் பிறக்கிறது. வெளியில் காற்றும் கொதிக்குமாயின், உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கிவிடுகிறது. அப்பொழுது மாடு வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது. வெப்பம் மேலும் பெருகாதிருக்கத் தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. தீவனம் குறையவே பால் குறைகிறது; சினை பிடிப்பதும் தவறுகிறது; நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளர்கிறது. அயல்நாட்டுக் குளிர் நிலத்து இனங்களோடு கலந்து பிறந்த கலப்பின மாடுகள் மிகுதியாகப் பால் தரினும், இவ்வெப்பத்தைத் தாங்குவதில் பின்தங்கி நிற்கின்றன. காங்கேயம், புலிக்குளம் போன்ற நாட்டு இனங்கள் தளர்ந்து தொங்கும் தோலும் மிகுந்த வியர்வைச் சுரப்பிகளும் உடையனவாதலின், வெயிலை எளிதில் பொறுத்துக்கொள்கின்றன.

வெயிலைத் தடுக்க இயலாது. ஆயினும் அதன் கொடுமையைக் குறைக்க இயலும். கொட்டிலின் கூரை உயரமாக இருத்தல் வேண்டும். தகரக் கூரையாயின் அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்பலாம்; வெள்ளையும் பூசலாம். வேம்பும் புங்கும் கொட்டிலுக்கு அருகே நிழல் தருமாறு வளர்க்கப்பெறல் நன்று. காலையிலும் மாலையிலும் மேயவிட்டு, உச்சிவேளையில் நிழலில் நிறுத்துதல் பழைய ஆயர்களும் அறிந்திருந்த முறை. கறவை மாடு கோடையில் நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேலும் நீர் பருகும். அந்நீர் வேண்டும்பொழுதெல்லாம் அதற்குக் கிடைத்தல் வேண்டும். பாலில் பெரும்பகுதி நீரே அன்றோ? தொட்டியில் குறைந்த நீர், கறக்கும் செம்பிலும் குறைந்தே தோன்றும்.

வெயிலினும் கொடியது வறட்சி. 2016-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பினும் 60 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பெற்றன. இத்தகைய காலத்தில் பசி மட்டுமே கால்நடைகளை வருத்துவதில்லை. புல் கட்டையாகக் குறையும்பொழுது, ஆடுமாடுகள் அதனை வேரோடு கடித்து, மண்ணையும் சேர்த்து உண்கின்றன. அம்மண்ணில் அடைப்பான் நோயின் கிருமிகள் உறங்கிக் கிடத்தல் கூடும்.

அடைப்பான் கிருமியின் இயல்பு வியப்பூட்டுவது. அது காற்றுப் பட்டவுடன் தன்னைச் சுற்றித் தடித்த உறை ஒன்றை அமைத்துக்கொண்டு விதைபோல் மாறிவிடுகிறது. அந்நிலையில் வெயிலும் மழையும் அதனை எளிதில் அழிப்பதில்லை. பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்த பின்னரும் மாட்டின் உடலில் புகுந்தவுடன் உயிர்த்தெழுகிறது. செருமானிய அறிஞர் இராபர்ட் காக் இவ்வுண்மையை 1876-இல் கண்டறிந்தார். 1881-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாய்ச்சர், பலரும் கூடியிருந்த ஒரு பண்ணையில் செம்மறியாடுகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்கு மட்டும் அடைப்பான் தடுப்பூசி இட்டார். பின்னர் இரு கூட்டத்திற்கும் நோய்க்கிருமி செலுத்தப்பெற்றது. ஊசி இடப்படாத செம்மறிகள் யாவும் மடிந்தன. இடப்பட்டவை ஏறக்குறைய எல்லாம் பிழைத்தன. 2016-ஆம் ஆண்டில் சைபீரியாவின் வடகோடியில் என்றுமில்லாத வெப்பத்தால் உறைபனி மண் உருகியபொழுது, அதில் புதைந்திருந்த அடைப்பான் கிருமிகள் வெளிப்பட்டு, 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்களைக் கொன்றன. பனி நிலமாயினும் வறண்ட செம்மண் நிலமாயினும், வானிலை மாறும்பொழுது மண்ணில் உறங்கும் பகை விழித்துக்கொள்ளும் என்பதை இந்நிகழ்ச்சி உலகிற்கு அறிவித்தது.

இக்காரணத்தாலேயே, திடீரென இறந்து மூக்கிலும் வாயிலும் குருதி கசிந்து கிடக்கும் மாட்டை எவரும் அறுத்தல் ஆகாது. அறுத்தால் கிருமிகளுக்குக் காற்றுப் பட வழி செய்ததாகும். அவ்விறைச்சியை உண்போருக்கும் தோலை உரிப்போருக்கும் அந்நோய் தொற்றும். கால்நடை மருத்துவருக்குச் செய்தி அனுப்பி, அவர் கூறும் முறைப்படி ஆறடி ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தலே தக்கது. வறுமையுற்ற ஒருவன், இறந்த மாட்டின் தோலையாவது விற்கலாம் என எண்ணுதல் இயல்பே. ஆனால் அச்சிறு காசுக்காக அவன் தன் உயிரையும், ஊர் மேய்ச்சல் நிலத்தையும் பணயமாக வைப்பவனாகிறான்.

வறட்சி மற்றொரு தீங்கினையும் விளைவிக்கிறது. மலையில் சுனைகள் வற்றும்பொழுது, காட்டு விலங்குகள் நீர் தேடி அடிவாரத்திற்கு இறங்குகின்றன. ஊர் மாடுகளோ புல் தேடி மலைமேல் ஏறுகின்றன. இரண்டும் ஒரே குட்டையில் வாய் வைக்கின்றன. அவ்விடத்திலேதான் நோய் இனம் விட்டு இனம் தாவுகிறது. கோமாரி நோய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வாயிலும் குளம்பின் இடுக்கிலும் கொப்புளங்கள் தோன்றுதலும், நூல்போல் உமிழ்நீர் வடிதலும் அதன் அறிகுறிகள். பிளவுபட்ட குளம்புடைய மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றை மட்டுமன்றி, மானையும் காட்டுமாட்டையும் அது பற்றும். உமிழ்நீர், தீவனம், மேய்ப்பவருடைய ஆடை, வண்டிச் சக்கரம் ஆகிய எல்லாமே அக்கிருமியைச் சுமந்து செல்ல வல்லன. 2013-ஆம் ஆண்டில் இந்நோய் தென்மாநிலங்களில் பரவிக் கலப்பின மாடுகள் பலவற்றை மாய்த்தது. நோயினின்றும் பிழைத்த மாடுகளுட் சில, பின்னர் வெயிலைத் தாங்கும் ஆற்றலை இழந்து, கோடைதோறும் மூச்சிரைத்து வருந்துகின்றன. நோய் ஒன்று, வானிலை ஒன்று எனத் தனித்தனியே பிரித்து எண்ணுதல் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

காட்டினின்றும் நோயைக் கொணரும் மற்றொரு தூதன் உண்ணி. 1957-ஆம் ஆண்டில் இன்றைய கருநாடக மாநிலத்தின் சிமோகா மாவட்டத்திலுள்ள கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அக்காட்டை அடுத்த ஊர்களில் மனிதருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. காட்டு உண்ணிகளின் கடியே இக்குரங்குக் காய்ச்சலுக்குக் காரணம் என்பதை அறிஞர் கண்டறிந்தனர். பிற்காலத்தில் அது நீலகிரிப் பகுதியிலும் காணப்பட்டது. மாடுகள் இக்காய்ச்சலால் நலிவதில்லை. ஆயினும் அவை காட்டில் மேயும்பொழுது உண்ணிகள் அவற்றின் குருதியைப் பருகிப் பல்கிப் பெருகுகின்றன. எனவே காட்டோரத்தில் மேய்ந்து திரும்பும் மாட்டின் காதுமடல், மடி, வாலின் அடி ஆகிய இடங்களைப் பார்த்து உண்ணிகளை நீக்குதல், மாட்டுக்கும் மனிதருக்கும் ஒருங்கே நலம் தருவதாகும்.

இவற்றைக் கேட்டுக் காட்டு விலங்குகளை மனிதனின் பகை என்று கருதிவிடுதல் தவறு. நோய் காட்டிலிருந்து ஊருக்கு வருவதுபோலவே, ஊரிலிருந்து காட்டுக்கும் செல்கிறது. 1968-ஆம் ஆண்டில் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வாழ்ந்த காட்டுமாடுகள் பெருவாரியாக மடிந்தன. அவற்றைக் கொன்றது வீட்டு மாடுகளிடையே வழங்கிய வெக்கை நோயே ஆகும். மேலும், காட்டுப் பறவைகள் ஊரைக் காத்த வரலாறும் உண்டு. இறந்த கால்நடைகளை ஒரு சில மணி நேரத்தில் தின்று நிலத்தைத் தூய்மை செய்தவை பிணந்தின்னிக் கழுகுகள். மாடுகளின் வலி நீக்கத் தரப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே அக்கழுகுகளுக்கு நஞ்சாயிற்று. இந்தியாவில் அவற்றுள் மூன்று இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது தடை செய்யப்பெற்றது. தமிழ்நாட்டில் இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை எஞ்சியுள்ளன. கழுகுகள் குறைந்த இடங்களில் இறந்த உடல்களைத் தின்னும் தெருநாய்கள் பெருகின. வெறிநோயின் அச்சமும் உடன் பெருகியது. மனிதர், கால்நடை, காட்டுயிர் ஆகிய மூவரின் நலமும் ஒன்றே என்று இக்கால மருத்துவ அறிஞர் கூறுவதன் கருத்து இதுவே.

கோடை கழிந்து மழை தொடங்கும்பொழுது உழவர் உள்ளம் மகிழ்கிறது. ஆயினும் மழையோடு நோய்களும் வருகின்றன. தொண்டை அடைப்பான் நோயின் கிருமி, நலமாக உள்ள மாட்டின் தொண்டையிலேயே தீங்கின்றித் தங்கியிருத்தல் கூடும். கோடையெல்லாம் பசித்திருந்த மாடு, திடீரென மழையில் நனைந்து குளிரில் நடுங்கி வலுவிழக்கும்பொழுது, அக்கிருமி பெருகிப் பகையாகிறது. தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, ஒன்றிரண்டு நாட்களிலேயே மாடு இறந்துவிடும். சப்பை நோயும் மழைக்காலத்தில் இளம் மாடுகளைப் பற்றுவது. புதுமழைக்கு முளைத்த இளம்புல்லை அளவின்றி மேய்ந்த ஆடுகள் துள்ளுமாரி நோயால் துடித்து விழுந்து இறக்கின்றன.

செம்மறியாடுகளுக்கு மழைக்காலத்தில் வரும் பெரும்பகை நீலநாக்கு நோய். சாணமும் ஈரமும் கலந்த சேற்றில், கொசுவினும் சிறிய ஒருவகைப் பூச்சிகள் பெருகுகின்றன. இவையே ஆட்டைக் கடித்து அந்நோயைப் பரப்புகின்றன. நோயுற்ற ஆட்டுக்குக் காய்ச்சல் காணும், உதடும் முகமும் வீங்கும், கால்கள் நொண்டும், சிலவற்றில் நாக்கு நீலநிறம் பெறும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. முன்னர் வெப்ப நாடுகளுக்கே உரியதாகக் கருதப்பட்ட இந்நோய், 2006-ஆம் ஆண்டில் குளிர் மிகுந்த ஆலந்து, செருமனி முதலிய நாடுகளிலும் தோன்றியது. உலகின் வெப்பம் உயர உயர, பூச்சிகள் தம் எல்லையை விரித்துக்கொண்டே செல்கின்றன என்பதற்கு அது எச்சரிக்கையாக அமைந்தது. கிடையை மேட்டுப்பாங்கான இடத்தில் அமைத்தலும், சாணத்தை அகற்றி நீர் தேங்காமல் காத்தலும், மாலையில் வேப்பிலைப் புகை மூட்டுதலும் அப்பூச்சிகளைக் குறைக்கும்.

இந்நோய்கள் பலவற்றிற்கும் தடுப்பூசிகள் உள்ளன. ஆயினும் ஊசி இடப்பெற்ற அன்றே மாடு காவல் பெற்றுவிடுவதில்லை. ஊசி மருந்தைக் கண்டு உடல் தன் எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்ள இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். எனவே மழை தொடங்கிய பின் ஊசி இடச் செல்வது, வெள்ளம் வந்த பின் அணை கட்டுவதை ஒக்கும். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் துள்ளுமாரிக்கும் உரிய ஊசிகளை மழைக்கு முன்பே இடுதல் வேண்டும். கோமாரி நோய்க்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை ஊசி இடப்பெறுகிறது. இந்நோயையும் கருச்சிதைவு நோயையும் நாடெங்கும் கட்டுப்படுத்துதற்கு இந்திய அரசு 2019-இல் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒருமுறை இட்ட ஊசி மூன்று ஆண்டுகள் வரை காக்கும். இம்மருந்துகள் உற்பத்திச் சாலை முதல் ஊர் வரை குளிர்ச்சி குன்றாமல் வருதல் வேண்டும்; வெயிலில் கிடந்த மருந்து பயன் தாராது.

இத்துணைப் பகைகளையும் மனிதன் வெல்ல இயலுமா என்னும் ஐயம் எழலாம். இயலும் என்பதற்கு வெக்கை நோயின் வரலாறே விடை கூறுகிறது. பல நூற்றாண்டுகளாக உலகின் ஆநிரையை அழித்து வந்த கொடிய நோய் அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவினுள் புகுந்த அந்நோய், பத்தே ஆண்டுகளில் அக்கண்டத்தின் தென்கோடி வரை சென்றது. மாடுகளோடு காட்டெருமைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் மடிந்தன. மாட்டையே நம்பி வாழ்ந்த மக்கள் பஞ்சத்தால் இறந்தனர். இந்தியாவில் இந்நோயை ஆராய்வதற்கென 1889-இல் புனாவில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. கிருமிகளை ஊர்களுக்கு அப்பால் வைத்து ஆராயும்பொருட்டு, அது 1893-இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பெற்றது. இன்றைய இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்கம் அதுவே. வெக்கை நோய்க்கு மருந்து செய்யும் நோக்குடன் 1932-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கப்பெற்ற நிலையம், இன்று இராணிப்பேட்டையில் பல்வகைத் தடுப்பு மருந்துகளை ஆக்கித் தருகிறது.

நாடு விடுதலை பெற்ற பின், 1954-ஆம் ஆண்டு முதல் வெக்கை நோய் ஒழிப்பு இயக்கம் ஊர்தோறும் நடைபெற்றது. ஊசிக்காரர்கள் குளிர்ப் பெட்டிகளைச் சுமந்து, பாதையில்லாத ஊர்களுக்கும் நடந்தே சென்றனர். ஊசி இட்டால் பால் வற்றும், சினை கலையும் என்று அஞ்சி மாடுகளை மறைத்தவர்களும் இருந்தனர். அவர்களிடம் பொறுமையுடன் பேசி இணங்கச் செய்ய வேண்டியிருந்தது. பெருவாரியான மாடுகள் காவல் பெற்ற பின்னும், ஏதேனும் ஓர் ஊரில் எஞ்சிய கிருமி மீண்டும் பரவியது. எனவே நோய் கண்ட ஊரை உடனே அறிதலும், அவ்வூர் மாடுகளை வெளியே செல்லவிடாமல் தடுத்தலும் இறுதிக் கட்டத்தின் முதன்மைப் பணிகளாயின. இந்தியாவில் இந்நோய் கடைசியாக 1995-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியில் தோன்றியது. 2006-இல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பெற்றது. 2011-இல் உலகமே அந்நோயினின்றும் விடுபட்டதாக அனைத்துலக நிறுவனங்கள் பறைசாற்றின. மனிதன் உலகினின்றே ஒழித்த நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று வெக்கை நோய். தமிழகத்து உழவர்களும் ஊசிக்காரர்களும் இவ்வெற்றியில் பங்குடையவர்கள்.

ஒரு பகை நீங்கினும் மற்றொரு பகை தோன்றுதல் இயற்கை. ஆப்பிரிக்காவில் 1929-ஆம் ஆண்டில் முதன்முதல் அறியப்பட்ட தோல் கழலை நோய், 2019-இல் ஒடிசாவின் வழியே இந்தியாவிலும் காணப்பட்டது. மாட்டின் உடலெங்கும் கழலைகள் எழுந்து, கால்கள் வீங்கி, பால் வற்றும் இந்நோயைக் கொசுவும் கடிக்கும் ஈயும் உண்ணியும் பரப்புகின்றன. 2022-ஆம் ஆண்டில் இராசத்தான், குசராத்து முதலிய மாநிலங்களில் அது பெருவாரியாகப் பரவியது; அவ்வாண்டில் நாட்டில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மாடுகள் இந்நோயால் இறந்தன. இந்நோய்க்கிருமி ஆட்டம்மைக் கிருமியின் உறவுடையதாதலின், ஆட்டம்மைத் தடுப்பூசியே மாடுகளுக்கும் இடப்பெற்றது. வெக்கை நோயை ஒழித்தபொழுது கற்ற பாடங்கள் இங்கும் வழிகாட்டின. மாட்டுச் சந்தைகளை நிறுத்துதல், நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுதல், பூச்சிகளை ஒழித்தல், ஊசி இடுதல் என்பன அப்பாடங்கள்.

சந்தையிலிருந்து வாங்கி வந்த மாட்டையோ ஆட்டையோ உடனே மந்தையில் சேர்த்தல் பலரும் செய்யும் பிழை. திண்டுக்கல் வட்டாரத்தில் அய்யலூர் ஆட்டுச் சந்தை புகழ்பெற்றது. பல ஊர் ஆடுகள் ஓரிடத்தில் கூடும்பொழுது பல ஊர் நோய்களும் அங்கே கூடுகின்றன. புதிதாக வந்த உயிரை மூன்று வாரங்களேனும் தனியே வைத்து, அதற்கெனத் தனித் தண்ணீர்த் தொட்டி அமைத்து, நலமுடையது என உறுதிப்பட்ட பின்னரே மந்தையில் சேர்த்தல் வேண்டும். பிறந்த கன்று ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் பருகுதல் இன்றியமையாதது. தாயின் நோய் எதிர்ப்பாற்றல் கன்றுக்குச் சீம்பாலின் வழியாகவே செல்கிறது. அதனை முழுதும் கறந்து உண்பவர், கன்றின் முதல் தடுப்பூசியைப் பறித்துக்கொள்பவராவர்.

நோய் கண்டவுடன் அதனை மறைத்தல் பெருந்தீங்கு. வெளியே தெரிந்தால் பால் விலைபோகாது என்றோ, மாட்டை விற்க இயலாது என்றோ அஞ்சி மறைப்பவர், தம் கொட்டிலில் மூண்ட தீயை அண்டை வீட்டுக் கூரைக்கும் பரவவிடுபவரை ஒப்பர். 1962 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி ஊருக்கே வந்து உதவுகிறது. 1989-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், இத்துறைக்கென நாட்டில் அமைந்த முதற்பல்கலைக்கழகமாகும். காந்திகிராமத்திலும் உழவர்க்கு அறிவுரை வழங்கும் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. அறிவு அருகில் இருந்தும் அதனை நாடாதிருத்தல், கிணற்றங்கரையில் தாகத்தோடு நிற்பதற்கு நிகராகும்.

இப்பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. பள்ளி விட்டு வந்து மாட்டை அவிழ்த்துக் கட்டுபவரும், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுபவரும் பெரும்பாலும் இளையோரே. மாடு அசை போடாதிருத்தல், காது தொங்குதல், மூக்கு நுனி உலர்ந்திருத்தல், மந்தையினின்றும் ஆடு ஒதுங்கி நிற்றல் ஆகிய சிறு குறிகளை முதலில் காண்பவர் அவர்களே. அதனை அன்றே பெற்றோரிடம் கூறும் ஒரு சொல் பல உயிர்களைக் காத்தல் கூடும். ஊசி இடும் நாளை ஊரார்க்கு நினைவூட்டலாம். காட்டோரக் குட்டையில் காட்டுமாடு இறந்து கிடப்பதைக் கண்டால், அருகில் செல்லாமல் வனத்துறையினர்க்கு அறிவிக்கலாம்.

தைத்திங்களில் மாட்டுக்குப் பொங்கலிட்டு, கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்துக்கு மாலை சூட்டுதல் தமிழர் மரபு. அந்நன்றியுணர்வு போற்றத்தக்கது. ஆயினும் மாலை ஒரு நாளில் வாடிவிடும். கோடையில் தரும் நிழலும் நீரும், மழைக்கு முன் இடும் தடுப்பூசியும், நோயை மறையாத நேர்மையுமே ஆண்டு முழுவதும் வாடாத மாலைகள். பேச இயலாத உயிர் தன் துன்பத்தை எடுத்துரைக்க வல்லதன்று. அதன் பாலை உண்டு, அதன் உழைப்பால் வாழும் மக்கள், துன்பம் வருமுன்னரே அறிந்து காத்தல், கைம்மாறு கருதாத அவ்வுயிர்களுக்குச் செய்யும் கடமையாகும்.